வலிக்கு ஓர் அளவுகோல்

ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கச் சொன்னால் திருகு அளவியை எடுப்பீர்கள். காய்ச்சலை அளக்க வெப்பநிலைமானி இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டர் இருக்கிறது. உங்கள் பாட்டி காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கிறாரே, அந்த வலியை எதனால் அளப்பீர்கள்? நேற்றைய வலியைவிட இன்றைய வலி கால் பங்கு குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

இது விளையாட்டுக் கேள்வி அன்று. மருந்துக் கடையில் வலிக்கென்று பத்து வகை மாத்திரைகள் இருக்கின்றன. எது நல்லது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு விடை வரும். எதிர் வீட்டில் கேட்டால் வேறொரு விடை வரும். அளவு இல்லாத இடத்தில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் சொன்னதே முடிவாகிவிடும். இயற்பியல் ஆசிரியனுக்கு மருந்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மருந்து கொடுப்பது மருத்துவர் வேலைதான். ஆனால் இரண்டு மருந்துகளை ஒப்பிடுவது ஓர் அளவீடு. அளவீடு என்று வந்துவிட்டால் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் விதிகள் எல்லாம் அங்கும் செல்லும். அதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

எந்த மூட்டுவலி?

எங்கள் வேங்கிக்காலில் பௌர்ணமிக்கு மறுநாள் பலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றி வந்த அலுப்பு அது. இரண்டு நாளில் போய்விடும். வயதானவர்களுக்கு முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வரும் வலி வேறு வகை. நாம் பேசப்போவது மூன்றாவது வகை. மருத்துவ நூல்கள் அதனை முடக்குவாதம் என்கின்றன. பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள்.

இதில் தேய்மானம் முதற்காரணம் அன்று. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, வழி தவறி, மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, சூடேறுகிறது, வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணிக்கொள்கின்றன. பெரும்பாலும் கைகளின் சிறு மூட்டுகளில், இரு கைகளிலும் ஒன்றுபோலத் தொடங்கும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்து நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. தில்லிக்கு அருகே கிராம மக்களிடையே நடத்தி 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வயது வந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. ஒரு இலட்சம் பேருக்கு 750 பேர்! அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது அல்லவா?

இரண்டு வகை மருந்துகள்

ஏரிக்கரை உடைத்துக்கொண்டு வயலில் வெள்ளம் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயலில் நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றலாம். அல்லது கரையின் உடைப்பை அடைக்கலாம். இறைத்தால் பயிர் அப்போதைக்குத் தலை தூக்கும். ஆனால் உடைப்பு அகன்றுகொண்டே போகும்.

முடக்குவாத மருந்துகளிலும் இவ்விரு வகைகள் உண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் இறைப்பவை. அழற்சியையும் வலியையும் சில மணி நேரம் குறைக்கும். எலும்பு அரிப்பை நிறுத்தா. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களை உடல் தயாரிக்காதபடி இவை தடுக்கின்றன. இதற்காக 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே குடும்பப் பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைச் சொந்த அமிலத்திலிருந்து காக்கின்றன. மேல்தொட்டியின் தலைக்குழாயை மூடினால் தோட்டத்துக்குப் போகும் நீர் மட்டுமா நிற்கும்? சமையலறைக்கும் நின்றுவிடும். வலி மாத்திரையை நெடுநாள் விழுங்குவோருக்கு இரைப்பைப் புண் வருவதும், சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் இதனால்தான். ஆஸ்பிரினைவிட வயிற்றுக்குச் சாதுவான மருந்து ஒன்றை முடக்குவாதக்காரர்களுக்காகத் தேடிய ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டதே ஐபுபுரோஃபென். அது 1969இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

உடைப்பை அடைக்க முயலும் மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இதன் பின்னால் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் 1940களில் தயாரிக்கப்பட்டன. அவை முதலில் இரத்தப் புற்றுநோய்க்கே பயன்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரின் முடக்குவாதத்தையும் தணிக்கிறது என்று 1951இல் தெரிந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், 1980களில் முறையான ஒப்பீடுகளுக்குப் பிறகு இந்நோய்க்கு ஏற்கப்பட்டது. முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே தருவார்கள். நாள்தோறும் என்று தவறாக எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாரேனும் இதைச் சாப்பிட்டால் இந்த ஒரு செய்தியை மறவாதீர்கள்.

வலியை அளக்கும் கருவிகள்

இனி அளவீட்டுக்கு வருவோம். கருவிகள் மிக எளியவை.

முதலாவது, ஒரு கோடு. தாளில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைவார்கள். இடது முனை ‘வலியே இல்லை’. வலது முனை ‘தாங்கவே முடியாத வலி’. நோயாளி தன் வலிக்குத் தக்க இடத்தில் ஒரு குறியிடுவார். இடது முனையிலிருந்து குறிவரை உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே வலியின் அளவு. என் 60 மி.மீ. உங்கள் 60 மி.மீ.க்குச் சமமா? தெரியாது. ஆனால் ஒரே ஆள் இன்று 60இலும் அடுத்த மாதம் 35இலும் குறியிட்டால் அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு. சுழி எங்கே என்று தெரியாத அளவுகோலாலும் நீள வேறுபாட்டை அளக்கலாம் அல்லவா? அதுபோலத்தான்.

இரண்டாவது, பிடிவலிமை. இரத்த அழுத்தமானியின் பையைச் சுருட்டி, சிறிது காற்றடைத்து, நோயாளியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அதுவே கையின் வலிமை.

மூன்றாவது, எண்ணிக்கை. தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள் 10, விரல்களின் நடு மூட்டுகளும் கட்டைவிரல் மூட்டுமாக 10, முழங்கால் 2. கூட்டிப் பாருங்கள், 28. இவற்றில் எத்தனை வீங்கியுள்ளன, அழுத்தினால் எத்தனை வலிக்கின்றன என்று மருத்துவர் எண்ணுவார்.

நான்காவது, இயற்பியல் மாணவருக்கு மிகவும் பிடித்த அளவு. உறையாதபடி பக்குவப்படுத்திய இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் செங்குத்தாக நிறுத்துவார்கள். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே ஈ.எஸ்.ஆர். எனப்படும் படிவு வேகம். அழற்சி இருந்தால் வேகம் கூடும். ஏன்? சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கும். அழற்சியின்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் பெருகி அந்த விலக்கத்தைத் தளர்த்துகின்றன. அணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டோக்ஸ் விதியை நினைவுகூருங்கள்: கோளத்தின் ஆரம் இரு மடங்கானால் முற்றுத் திசைவேகம் நான்கு மடங்காகும். காசு அடுக்கு சரியான கோளம் அன்று; ஆயினும் பெரியது விரைந்து இறங்கும் என்னும் கருத்து பொருந்தும். பாட நூலில் பாகியல் பகுதியில் படித்த விதி இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறது!

அலையின் முகட்டில் ஓர் அளவு

கருவிகள் கிடைத்துவிட்டன. இனி ஒரு நோயாளிக்கு மருந்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் அளந்தால் போதாதா? போதாது.

முடக்குவாதம் அலைபோல ஏறி இறங்கும் நோய். ஒருவர் எப்போது புது மருந்தைத் தேடிப் போகிறார்? வலி உச்சத்தில் இருக்கும்போது. அதாவது அலையின் முகட்டில் முதல் அளவை எடுக்கிறார். முகட்டுக்கு அடுத்தது சரிவுதானே! இரண்டு வாரம் கழித்து அளந்தால் மருந்தே சாப்பிடாவிட்டாலும் குறைந்திருக்கக் கூடும். அந்தப் புகழ் அவ்வேளையில் கையில் இருந்த மாத்திரைக்கோ எண்ணெய்க்கோ போய்ச் சேரும். ‘எனக்குக் கேட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் ஒப்பிட இன்னொரு அலை இல்லை, அவ்வளவே.

ஆகவே இரண்டு குழுக்கள் வேண்டும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், அறியாமலே நோய் குறைந்தவர்களைத் தமக்குப் பிடித்த மருந்தின் பக்கம் சேர்த்துவிடலாம். அடுத்து, எந்த மருந்தைச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. இதற்கு இரட்டை மறைப்பு முறை என்று பெயர். கோட்டின்மீது குறியிடும் கை, நம்பிக்கையால் நகரும் கை. அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வருவதைப் படித்திருக்கிறீர்கள். மனம் சாய்ந்து பார்த்தாலும் பிழை வரும்.

இந்த முறைப்படி 1976இல் பிரிட்டனில் ஹஸ்கிசன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். முடக்குவாதம் உள்ள 90 பேர், நான்கு மருந்துகள்: ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், ஃபெனோபுரோஃபென், கீட்டோபுரோஃபென். ஒவ்வொருவரும் நான்கையும் முறை மாற்றிச் சாப்பிட்டனர். சராசரியில் நாப்ராக்சன் சற்று முந்தியது. ஆனால் மருந்துக்கு மருந்து இருந்த வேறுபாட்டைவிட ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒருவருக்குச் சிறந்தது மற்றொருவருக்குப் பயனற்றதாக இருந்தது. பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயம்புத்தூரில் ஒரு போட்டி

மாத்திரைகளை ஒப்பிடலாம். ஆயுர்வேதத்தையும் ஆங்கில மருத்துவத்தையும் இப்படி ஒப்பிட முடியுமா? முடியும் என்று காட்டிய ஆய்வு நம் கோயம்புத்தூரில் நடந்தது. அங்குள்ள ஆயுர்வேத மருத்துவர்களும், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபர்ஸ்ட் என்னும் மூட்டுநோய் மருத்துவரும் இணைந்து நடத்திய அந்த ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின.

மொத்தம் 43 நோயாளிகள், மூன்று குழுக்கள். முதல் குழுவில் 14 பேர். இவர்களுக்கு உண்மையான மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும். இரண்டாவதில் 12 பேர். உண்மையான ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும். மூன்றாவதில் 17 பேர், இரண்டுமே உண்மை. எல்லோரும் இரு வகையையும் உட்கொண்டதால் யார் எதைச் சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. 12 வாரத்துக்கு ஒருமுறையாக 36 வாரம் அளந்தார்கள்.

முடிவை இரண்டு அளவுகளில் பார்ப்போம். வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள் முதலிய அளவுகளில் குறைந்தது 20 விழுக்காடு முன்னேற்றம் கண்டவர்கள்: மெத்தோட்ரெக்சேட் குழுவில் 86 விழுக்காடு, ஆயுர்வேதக் குழுவில் 100 விழுக்காடு, கூட்டுக் குழுவில் 82 விழுக்காடு. ஆயுர்வேதம் வென்றது என்று கைதட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள். 28 மூட்டுகளின் எண்ணிக்கையையும் இரத்தத்தின் அழற்சிப் புரத அளவையும் நோயாளியின் கோட்டையும் சேர்த்துக் கணக்கிடும் நோய்க்கடுமை எண் ஒன்று உண்டு. அது மெத்தோட்ரெக்சேட் குழுவில் 2.4 குறைந்தது, ஆயுர்வேதக் குழுவில் 1.7, கூட்டுக் குழுவில் 2.4. இதில் மெத்தோட்ரெக்சேட் முந்துகிறது! ஒரே ஆய்வு, இரண்டு அளவுகோல்கள், எதிரெதிர் திசைகள்.

எது சரி? ஆய்வாளர்களே விடை சொன்னார்கள்: இந்த வேறுபாடுகள் எவையும் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கவை அல்ல, இது ஒரு முன்னோட்ட ஆய்வு, அந்த எல்லைக்குள் மூன்றும் ஏறத்தாழச் சமம்.

மீச்சிற்றளவைக் கவனியுங்கள்

இதைப் புரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். 14 பேரில் 86 விழுக்காடு என்றால் 12 பேர். 12 பேரில் 100 விழுக்காடு என்றால் அதுவும் 12 பேர்தான். முதற்குழுவில் குணம் காணாதவர் இருவர் மட்டுமே. 14 பேர் உள்ள குழுவில் ஒருவர் மாறினாலே 7 விழுக்காடு நகர்ந்துவிடும். அந்தக் குழுவின் மீச்சிற்றளவு 7 விழுக்காடு. மில்லிமீட்டர் கோடுகள் மட்டும் உள்ள அளவுகோலால் தலைமுடியின் தடிமனை அளக்க முடியுமா? ‘வேறுபாடு தென்படவில்லை’ என்பதும் ‘வேறுபாடு இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

எண்ணிக்கை பெருகினால் என்ன தெரியவரும் என்பதற்கு இன்னோர் ஒப்பீட்டைப் பாருங்கள். இரைப்பையைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் என்னும் நோக்குடன் ரோஃபிகாக்சிப் என்னும் மருந்து வந்தது. அதனை நாப்ராக்சனோடு ஒப்பிட 8,076 முடக்குவாத நோயாளிகளைச் சேர்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வலி இரண்டிலும் ஒரே அளவு தணிந்தது. ஓராண்டில் 100 பேருக்கு இரைப்பை, குடல் தொல்லைகள் நாப்ராக்சனில் 4.5, ரோஃபிகாக்சிப்பில் 2.1. பாதிக்கும் கீழ்! ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருந்தது. மாரடைப்பு வந்தவர்கள் நாப்ராக்சனில் 0.1 விழுக்காடு; ரோஃபிகாக்சிப்பில் 0.4 விழுக்காடு.

ஆயிரத்துக்கு ஒன்றும் ஆயிரத்துக்கு நான்கும். நாப்ராக்சன் இதயத்தைக் காத்ததா, ரோஃபிகாக்சிப் கெடுத்ததா? இரண்டு மருந்துகளை மட்டும் ஒப்பிட்டதால் சுழிப்புள்ளி தெரியவில்லை. பின்னர் வேறொரு நோய்க்காகப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோதுதான் கெடுதல் உறுதியாயிற்று. 2004 செப்டம்பர் 30ஆம் நாள் தயாரிப்பாளர்களே மருந்தை உலகெங்கும் திரும்பப் பெற்றனர். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் அது தடை செய்யப்பட்டது. 14 பேரைக் கொண்டு இந்த ஆய்வை நடத்தியிருந்தால் மாரடைப்பு வந்தவர் எத்தனை பேராக இருந்திருப்பார்? 14 × 0.004 = 0.056. ஒருவர்கூட இல்லை. மருந்து குற்றமற்றது என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே, ‘இந்த மருந்து அதைவிட மேல்’ என்று யார் சொன்னாலும், அவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை அளந்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை பேரை அளந்தீர்கள்? வலி தணிந்தது என்பது ஓர் அளவு. எலும்பு காக்கப்பட்டது என்பது வேறோர் அளவு. வலி மாத்திரையால் கோட்டின் குறி இடப்பக்கம் நகர்ந்திருக்கும்போதே உள்ளே மூட்டு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். வீட்டில் யாருக்கேனும் இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடைப்பைத் தொடக்கத்திலேயே அடைத்தால் சேதம் குறையும்.

செய்து பாருங்கள்

1. இரண்டு ஒரே மாதிரியான கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்புங்கள். ஒன்றில் ஒரு கரண்டி ஆற்று மணலையும் மற்றொன்றில் அதே அளவு உலர்த்திப் பொடித்த ஏரி வண்டலையும் போட்டுக் கலக்கி அசையாமல் வையுங்கள். எது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஆர். கூடுவதன் காரணத்தை இதைக்கொண்டு விளக்குங்கள்.

2. நீங்களும் நண்பரும் ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை 14 முறை சுண்டித் தலைகளை எண்ணுங்கள். இருவர் எண்ணிக்கையும் வேறுபட்டால் உங்கள் நாணயம் ‘சிறந்தது’ ஆகுமா? பிறகு ஆளுக்கு 140 முறை சுண்டி, தலைகளின் விழுக்காட்டைக் கண்டு, வேறுபாடு கூடியதா குறைந்ததா என்று பாருங்கள்.

3. கோயம்புத்தூர் ஆய்வின் மூன்றாம் குழுவில் 17 பேர். அவர்களில் 82 விழுக்காடு என்றால் எத்தனை பேர்? அக்குழுவின் மீச்சிற்றளவு எத்தனை விழுக்காடு?